அஃபிலியேட் தளத்துக்கு விலை போடுவது எப்படி?

தளத்தை விற்க நினைப்பவர் முதலில் கேட்பது, "எவ்வளவு கிடைக்கும்?" வாங்க வருபவரின் கேள்வி வேறு: "நீங்கள் போன பிறகும் இது மாதம் எவ்வளவு தரும்? அதை எதை வைத்து நம்புவது?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தயார் செய்வதுதான் விலை போடும் வேலை. அந்தப் பதில் கையில் இருந்தால் முதல் கேள்வி வெறும் பெருக்கல்.

மாதச் சராசரி நிகர லாபம் × மடங்கு = விலை

எத்தனை மாத லாபத்தை வாங்குபவர் இன்றே மொத்தமாகக் கொடுக்கத் தயார் என்பதுதான் 'மடங்கு'. சிறிய அஃபிலியேட் தளங்கள் பொதுவாக 20 முதல் 40 மாத லாபத்துக்குள் கைமாறி வந்திருக்கின்றன. 2023க்குப் பிறகு சந்தை அந்த வரம்பின் கீழ்ப்பக்கமாக இறங்கிவிட்டது. கூகுளில் அடிவாங்கிய தளங்கள் 20க்கும் கீழே போகின்றன.

பெரும்பாலானோர் மடங்கைப் பற்றியே விவாதிக்கிறார்கள். ஆனால் கணக்கு தப்புவது லாபத்தில்தான். அங்கே மாதம் 5,000 ரூபாய் கூட்டிச் சொன்னால், 24 மடங்கில் விலை 1,20,000 ரூபாய் தப்பாகிவிடும். வாங்குபவர் ஆவணங்களைப் பார்க்கும் நாளில் அது வெளிப்படும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் சரியான எண்ணையும் அவர் நம்பமாட்டார்.

கணக்கைத் தொடர ஒரு கற்பனைத் தளத்தை வைத்துக்கொள்வோம். மிக்ஸி, வெட் கிரைண்டர், பிரஷர் குக்கர் ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதும் தளம். வயது மூன்று ஆண்டு. அமேசான் இந்தியா கமிஷன் முக்கிய வருமானம். ஆட்சென்ஸ் விளம்பரத்தில் கொஞ்சம் வருகிறது.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

1. கடந்த 24 மாத அஃபிலியேட் வருமான அறிக்கைகள், மாதவாரியாக.
2. அதே காலத்து வங்கிக் கணக்கு விவரம்.
3. கூகுள் அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல் தரவுகள்.
4. தளத்துக்காகச் செய்த ஒவ்வொரு செலவின் ரசீது. 200 ரூபாய் பிளகின் ஆனாலும் சரி.
5. கட்டுரை எழுதித் தந்தவர்களோடு செய்த ஒப்பந்தங்கள்.

குறிப்பு: சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும். விற்கும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும், மாதம் ஒருமுறை தரவை இறக்கிச் சேமித்து வையுங்கள். கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் நின்று, 2024 ஜூலையில் பழைய தரவும் அழிக்கப்பட்டபோது, தரவை இறக்கி வைக்காதவர்கள் தங்கள் தளத்தின் பழைய வரலாற்றுக்கு ஆதாரம் இல்லாமல் போனார்கள்.

படி 1: கைக்கு வந்த வருமானத்தை மட்டும் எழுதுங்கள்

அமேசான் அறிக்கையில் ஆர்டர் ஆனவை, அனுப்பப்பட்டவை, திரும்பி வந்தவை என்று தனித்தனி எண்கள் இருக்கும். ஆர்டர் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்து அதையே கணக்கில் எழுதுவதுதான் மிகப் பரவலான தவறு. வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் போய்விடும். திரும்பியவை கழிந்த பிறகு நிற்கும் தொகைதான் வருமானம்.

இன்னொரு சிக்கல் உண்டு. கமிஷன் பணம் சம்பாதித்த மாதத்திலேயே வராது. அமேசானில் மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் வருகிறது. அதனால் அறிக்கையில் ஜனவரி என்று இருப்பது வங்கியில் மார்ச்சில் தெரியும். சம்பாதித்த மாதத்தை வைத்து எழுதுவதா, பணம் வந்த மாதத்தை வைத்து எழுதுவதா என்று ஒன்றை முடிவுசெய்து, கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். இரண்டையும் கலந்தால் நேர்மையாக எழுதிய கணக்கும் தில்லுமுல்லு போலத் தெரியும்.

ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருந்தால், வசூலித்துக் கட்டும் வரியை வருமானத்தில் சேர்க்காதீர்கள். ஒரே ஒருமுறை வந்த போனஸ், ஒரு நிறுவனம் தந்த ஸ்பான்சர் தொகை போன்றவற்றையும் தனியாக எழுதுங்கள். அவை புதிய உரிமையாளருக்கு வருமென்று உறுதியில்லை.

நம் தளத்தின் 12 மாத வருமானம்: கமிஷன் 5,40,000, விளம்பரம் 96,000. மொத்தம் 6,36,000 ரூபாய்.

படி 2: செலவை ஒளிக்காதீர்கள்

ஹோஸ்டிங் 12,000; டொமைன் புதுப்பித்தல் 1,200; கீவேர்ட் ஆய்வுக் கருவிக்கான சந்தா 36,000; கட்டுரையாளர்களுக்கு 1,20,000. மொத்தம் 1,69,200 ரூபாய். நிகர லாபம் 4,66,800. மாதத்துக்கு 38,900.

வடிவமைப்பை ஒருமுறை மாற்றியது, லோகோ வரைந்தது போன்ற செலவுகள் மீண்டும் வராது. அவற்றைக் கழிக்காமல் விடலாம். ஆனால் விட்டதைப் பட்டியலிட்டுக் காட்ட வேண்டும். கட்டுரைச் செலவை அப்படி விடமுடியாது. புதிதாக வரும் மாடல்களுக்கு விமர்சனம் எழுதினால்தான் கிரைண்டர் தளம் உயிரோடு இருக்கும். விற்பதற்கு ஆறு மாதம் முன்பே எழுதுவதை நிறுத்தி லாபத்தை ஊதிக்காட்டும் தந்திரம் பழையது. கட்டுரைகளின் தேதியைப் பார்த்தாலே விஷயம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

உங்கள் உழைப்புக்கு விலை உண்டா? சந்தை வழக்கப்படி சிறிய தளங்களில் உரிமையாளரின் சம்பளத்தைக் கழிப்பதில்லை. ஆனால் வாங்குபவர் மனத்துக்குள் கழித்துக்கொள்வார். நீங்களும் ஒருமுறை கழித்துப் பாருங்கள். மாதம் 30 மணி நேரம் வேலை, அதை இன்னொருவரிடம் கொடுத்தால் மணிக்கு 250 ரூபாய் என்றால், 7,500 போய் 31,400 நிற்கும். பேரம் 38,900இல் தொடங்கினாலும் அவர் இழுக்கும் திசை 31,400. இரண்டு எண்ணும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

படி 3: எந்த மாதங்களின் சராசரி?

பொதுவிதி 12 மாதம். ஆண்டு முழுவதையும் எடுத்தால்தான் பருவ ஏற்றத்தாழ்வு சமன்படும். இந்தியத் தளங்களுக்கு இது மிக முக்கியம். அமேசானின் கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவல், தீபாவளி போனஸ் எல்லாம் சேரும் வாரங்களில் வீட்டு உபயோகப் பொருள் விற்பனை எகிறும். நவம்பர் மாதம் விற்பனைக்கு வந்து கடைசி மூன்று மாதச் சராசரியைக் காட்டுபவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஆனால் தளம் சரிந்துகொண்டிருந்தால் 12 மாதச் சராசரியும் பொய் சொல்லும். நம் தளத்தின் கடைசி மூன்று மாதம், அதாவது ஜனவரி முதல் மார்ச் வரை, மொத்த லாபம் 87,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 29,000. இது சரிவா, தீபாவளிக்குப் பிந்தைய வழக்கமான மந்தமா? அக்டோபரோடு ஒப்பிட்டால் தெரியாது. போன ஆண்டின் ஜனவரி–மார்ச்சோடு ஒப்பிடுங்கள்.

• போன ஆண்டும் இதே அளவு என்றால் பருவ மந்தம். 12 மாதச் சராசரியில் உறுதியாக நில்லுங்கள். அந்த ஒப்பீட்டையே ஆதாரமாகக் காட்டுங்கள்.
• போன ஆண்டு 45,000 இருந்து இப்போது 29,000 என்றால் சரிவு. வாங்குபவர் 29,000ஐத்தான் பிடித்துக்கொள்வார். அது நியாயமும்கூட.
• போன ஆண்டைவிட ஏறியிருந்தால் ஆறு மாதச் சராசரி கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டாலும் மடங்கு கொஞ்சம் கூடும்.

படி 4: மடங்கைத் தீர்மானியுங்கள்

டொமைன் பெயரைத் தட்டச்சு செய்ததும் "இந்தத் தளத்தின் மதிப்பு இவ்வளவு" என்று எண் காட்டும் இணையப் பக்கங்களை மறந்துவிடுங்கள். உங்கள் லாபம் என்னவென்று அவற்றுக்குத் தெரியாது. எம்பயர் ஃப்ளிப்பர்ஸ், ஃப்ளிப்பா போன்ற சந்தைகளில் உங்கள் தளத்தை ஒத்தவற்றைத் தேடி, லாபத்தையும் கேட்கும் விலையையும் குறித்து வையுங்கள். அது கேட்கும் விலைதான், விற்ற விலை அல்ல. கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தரகர்கள் மாதம் சில நூறு டாலர் லாபம் தரும் தளங்களை எடுப்பதில்லை. நம் கிரைண்டர் தளத்துக்கு ஃப்ளிப்பா மாதிரியான திறந்த சந்தையோ, நேரடி விற்பனையோதான் வழி.

பிறகு கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இவைதான் மடங்கை ஏற்றி இறக்குபவை.

வருமானம் எத்தனை இடத்திலிருந்து வருகிறது? மற்ற எல்லாவற்றையும்விட இதையே நான் முன்வைப்பேன். காரணம் 2020 ஏப்ரல். அந்த மாதம் 21ஆம் தேதி முதல் அமெரிக்க அமேசான் தன் கமிஷன் விகிதங்களை வெட்டியது. ஃபர்னிச்சர், வீட்டுப் பராமரிப்புப் பொருள்களுக்கு 8 சதவீதம் இருந்தது 3 ஆனது. மளிகைக்கு 5 இருந்தது 1 ஆனது. அறிவிப்பு வந்தது ஒரு வாரம் முன்புதான். ஃபர்னிச்சர் கமிஷனில் மாதம் 4,000 டாலர் ஈட்டிய தளம், ஒரு வாசகரையும் இழக்காமல் 1,500க்கு இறங்கியது. 30 மடங்கில் அதன் விலை 1,20,000 டாலரிலிருந்து 45,000. தளத்துக்காரர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தார், அவ்வளவுதான். வருமானத்தில் ஒரே திட்டத்தின் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டினால் மடங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் தளத்தில் அமேசான் பங்கு கிட்டத்தட்ட 85.

வாசகர் எங்கிருந்து வருகிறார்கள்? கூகுள் தேடல் மட்டுமா, மின்னஞ்சல் பட்டியல், யூடியூப் என்று வேறு வழிகளும் உண்டா? முதல் பத்துப் பக்கங்களே முக்கால்வாசி வருமானத்தைத் தந்தால், அந்தப் பத்தில் இரண்டு சரிந்தாலும் தளம் ஆட்டம் காணும்.

கூகுள் மாற்றங்களில் என்ன ஆனது? சர்ச் கன்சோல் வரைபடத்தில் 2023 செப்டம்பர், 2024 மார்ச் ஆகிய இரண்டு இடங்களையும் குறியுங்கள். முதலாவது, விமர்சனத் தளங்கள் பலவற்றைக் கவிழ்த்த 'ஹெல்ப்ஃபுல் கன்டென்ட்' மாற்றம். இரண்டாவது, அந்த முறையைத் தன் அடிப்படைத் தரவரிசைக்குள்ளேயே கூகுள் சேர்த்துக்கொண்ட மாதம். உங்கள் தளம் அதற்குப் பிறகு தொடங்கியது என்றால், உங்கள் காலத்தில் வந்த மாற்றங்களைக் குறியுங்கள். அவற்றைத் தாண்டி நின்ற தளத்துக்கு நீங்கள் தைரியமாக விலை கேட்கலாம். 2024இல் அமெரிக்காவில் மே மாதத்திலும், இந்தியாவில் ஆகஸ்டிலும் தேடல் பக்கத்தின் உச்சியில் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வரத் தொடங்கியது. "கிரைண்டரை எப்படிச் சுத்தம் செய்வது" போன்ற கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. உங்கள் கிளிக்குகள் அப்படிப்பட்ட கேள்விகளிலிருந்து வருகின்றனவா, "எந்த மாடல் வாங்கலாம்" வகையிலிருந்தா என்று பிரித்துப் பாருங்கள். காசு தருவது இரண்டாவது வகை.

எழுத்து யாருடையது? இட்லி மாவை அரைத்துப் பார்த்து எடுத்த படமும், நிறுவனத்தின் விளம்பரப் படத்தை ஒட்டி எழுதிய பத்தியும் ஒன்றல்ல. சட்டச் சிக்கலும் இங்கே இருக்கிறது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் அல்லாத ஒருவர் எழுதித் தந்த கட்டுரையின் முதல் உரிமையாளர் பொதுவாக எழுதியவரே. நீங்கள் காசு கொடுத்ததாலேயே உரிமை உங்களுக்கு வந்துவிடாது. எழுத்துவடிவில், அவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். விற்பதற்கு முன்பே எல்லாக் கட்டுரையாளரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். விற்பனை நடக்கிறது என்று தெரிந்த பிறகு கேட்டால் கையெழுத்துக்கும் விலை சொல்வார்கள்.

டொமைன் பெயரில் வேறு நிறுவனத்தின் வணிகப் பெயர் இருக்கிறதா? இருந்தால் அது வாங்குபவரைத் துரத்தும் வழக்கு. 'அமேசான்' என்ற சொல்லை டொமைனில் வைப்பதை அமேசானின் விதிகளே தடுக்கின்றன.

காசு கொடுத்து வாங்கிய பேக்லிங்குகள் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கருவிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் தளத்துக்கு வருவோம். அதன் ஜனவரி–மார்ச் குறைவு பருவ மந்தம்தான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு வயது, சொந்தப் படங்கள், நிலையான டிராஃபிக்: இவை சாதகம். அமேசான் ஒன்றையே நம்பியிருப்பதும் மின்னஞ்சல் பட்டியல் இல்லாததும் பாதகம். 20 முதல் 28 என்று வைக்கலாம். 38,900இல் பெருக்கினால் 7,78,000 முதல் 10,89,200 வரை. விலையை இப்படி ஒரு வரம்பாக வைத்துக்கொள்வதுதான் சரி. மேல் எண்ணைக் கேளுங்கள். கீழ் எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

படி 5: கைக்கு வரும் தொகை

24 மடங்கில் முடிந்தால் 9,33,600. தரகருக்கோ சந்தைக்கோ 10 சதவீதம் என்று வைத்தால் 93,360 கழியும், மிச்சம் 8,40,240. சில இடங்களில் 15 சதவீதம் வரை போகும். எஸ்க்ரோ (கைமாறும் வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் மூன்றாம் தரப்பு) கட்டணம், வெளிநாட்டுப் பணமானால் மாற்றுச் செலவு, அதன் பிறகு வருமான வரி. நீங்களே உருவாக்கிய தளத்துக்கு வாங்கிய விலை என்று காட்ட ஒன்றும் இருக்காது என்பதால், வரிக்கணக்கில் கழிக்கக் கிடைப்பது குறைவாகவே இருக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். விற்ற பிறகு பார்த்தால் அவராலும் பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது.

பாதி இப்போது, மீதி தளம் சம்பாதிக்கச் சம்பாதிக்க என்று சிலர் கேட்பார்கள். தாமதமாக வரும் பகுதியை முழு மதிப்பில் எண்ணாதீர்கள். முன்பணமே உங்கள் கீழ் எண்ணைத் தொட்டால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு: விலை பேசும் நாட்களில் செய்யக்கூடாதவை

• ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் டொமைன் பெயரையும் முக்கியக் கீவேர்டுகளையும் காட்டாதீர்கள். வாங்குவதுபோல் வந்து நகலெடுப்பவர்கள் உண்டு.
• கடவுச்சொல் யாருக்கும் வேண்டாம். அனலிட்டிக்ஸில் பார்வையாளர் அனுமதி, சர்ச் கன்சோலில் கட்டுப்படுத்தப்பட்ட அனுமதி போதும். வருமானக் கணக்கை வீடியோ அழைப்பில் நீங்களே திறந்து காட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை விவரம் தெரிந்தவர் ஏற்பதில்லை.
• "வாங்கத் தயார், ஆனால் இந்த நிறுவனத்திடம் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடி. சான்றிதழ் கட்டணம்தான் அவர்கள் குறி.
• எஸ்க்ரோ தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வாங்குபவர் அனுப்பும் இணைப்பு போலித் தளத்துக்குப் போகலாம்.

கைமாற்றும் வரிசை:

1. வாங்குபவர் எஸ்க்ரோவில் பணம் செலுத்துகிறார்.
2. பணம் வந்ததை எஸ்க்ரோ கணக்குக்குள் நுழைந்து உறுதி செய்கிறீர்கள். மின்னஞ்சலை மட்டும் நம்பவேண்டாம்.
3. தளத்தின் முழு நகலையும், பிறகு டொமைனையும் மாற்றுகிறீர்கள்.
4. அவர் சரிபார்த்து ஒப்புக்கொண்டதும் எஸ்க்ரோ பணத்தை விடுவிக்கிறது.

டொமைன் பதிவுசெய்தோ, பதிவாளரை மாற்றியோ 60 நாள் ஆகாவிட்டால் பொதுவாக வேறு பதிவாளருக்கு மாற்றமுடியாது. அதனால் விற்கும் சமயத்தில் பதிவாளரை மாற்றும் வேலையைத் தொடாதீர்கள். வாங்குபவரும் அதே பதிவாளரிடம் கணக்கு தொடங்கினால், உள்ளுக்குள்ளேயே மாற்றுவது எளிது.

அமேசான் அசோசியேட்ஸ் கணக்கும் ஆட்சென்ஸ் கணக்கும் தளத்தோடு போகாது. ஆட்சென்ஸ் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றமுடியாது. அமேசான் ஒப்பந்தத்தையும் அவர்களின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் மாற்றித் தரமுடியாது. வாங்குபவர் தன் கணக்கைத் தொடங்கி எல்லா இணைப்புகளிலும் தன் அடையாளக் குறியீட்டைப் போட வேண்டும். இணைப்புகள் ஒரே இடத்திலிருந்து மாற்றும்படி பிளகின் வழியாக இருந்தால் இது ஒரு மணி நேர வேலை. 300 கட்டுரைகளில் கையால் ஒட்டியிருந்தால் விலையில் கழிப்பார். விற்கும் முன் இதைச் சரிசெய்வதைவிட லாபமான வேலை வேறில்லை.

எப்போது விற்கக்கூடாது?

நிலையாக ஓடும் தளத்துக்கு 15 மாத லாபத்துக்கும் குறைவாகத்தான் கேட்கிறார்கள் என்றால், வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றேகால் ஆண்டில் அந்தப் பணம் வந்துவிடும். தளமும் கையில் இருக்கும். கூகுள் மாற்றம் வந்து டிராஃபிக் ஆடிக்கொண்டிருக்கும் மாதத்திலும் விற்காதீர்கள், பணத்தேவை கழுத்தைப் பிடித்தால் தவிர. கமிஷன் திட்டம் ஒன்றே ஒன்று என்றால் ஆறு மாதம் பொறுத்து இரண்டாவது திட்டத்தைச் சேர்த்துப் பாருங்கள். மொத்த வருமானம் கூடாவிட்டாலும் மடங்கு கூடும்.

விற்பனைக்கு வைக்கும் முன், எல்லாம் கழித்துக் கையில் வரவேண்டிய குறைந்தபட்சத் தொகையை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். பேரத்தின் நடுவில் அந்த எண்ணை மாற்றாதீர்கள்.